கரையில் பிடுங்க வேண்டாம், பாத்தியில் நடுங்கள்

இங்கிலாந்தில் அலொட்மென்ட் வைத்துப் பாடுபடும் தமிழ்த் தோட்டக்கார உறவுகளுக்கு,

ஹாரோ, வெம்பிளி, ஈஸ்ட் ஹாம், மிச்சம் என்று பரந்து கிடக்கும் உங்களில் பெரும்பாலானோரை நான் நேரில் கண்டதில்லை. உங்கள் தோட்டங்களைக் கண்டிருக்கிறேன். பழைய யன்னல் கண்ணாடிகளால் கூடு கட்டி அதற்குள் கத்தரி காய்க்க வைத்தவர்கள், புடலங்காய்க்குக் கல் கட்டித் தொங்கவிட்டவர்கள், ஓகஸ்டில் பாவற்காய் பறித்து அடுத்த பாத்தி வெள்ளைக்காரருக்கும் கொடுத்து, அவர் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தவர்கள். உங்களுக்குத்தான் இந்த மடல்.

இதை எழுத வைத்தது சென்ற வசந்தத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய ஒரு படம். கூழாங்கல் கரையோரம் ஒரு காரின் டிக்கி திறந்து கிடக்கிறது. உள்ளே கறுப்புக் குப்பைப் பைகள் நிறைய நீலச்சாம்பல் நிறத்தில் தடித்த இலைகள். சில செடிகள் வேரோடு வந்திருக்கின்றன. "கோவா மாதிரி இருக்கு, சும்மா கிடைக்குது, ஞாயிற்றுக்கிழமை போவம்" என்று கீழே எழுதியிருந்தார்கள். அடுத்த பதிவில் இடத்தின் வரைபடப் புள்ளி. அது எந்தக் கரை என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இந்த மடலும் இன்னொரு வரைபடப் புள்ளியாகிவிடும்.

அந்தச் செடி சீ கேல். தின்னத் தக்கதுதான், ருசியானதும்கூட. கடற்கரைக்குப் போன இடத்திலும் கீரை தேடுகிற நம்முடைய கண்ணை நான் குறை சொல்லமாட்டேன். ஐஸ்கிரீம் வண்டியை மட்டும் தேடுகிற கண்ணைவிட அது மேல். என் வேண்டுகோள் ஒன்றுதான்: அதைக் கரையில் விட்டுவிடுங்கள், உங்கள் பாத்தியில் வளருங்கள். வளர்க்க முடியும் என்பது மட்டுமல்ல, நாம் இந்த நாட்டில் மல்லுக்கட்டி வளர்க்கிற எந்த மரக்கறியையும்விட அது சுலபமாக வரும்.

முதலில் கரையில் அது எப்படி வாழ்கிறது என்று பாருங்கள். கோவா, கடுகு, முள்ளங்கி எல்லாம் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. மண் என்று சொல்ல ஒன்றுமே இல்லாத கூழாங்கல் மேடுகளில், அலை எட்டும் கோட்டுக்குச் சற்று மேலே முளைக்கும். ஆணிவேரைக் கற்களுக்கு நடுவே ஆழமாக இறக்கி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். இலையின் மேல் மெழுகு பூசியதுபோன்ற படலம் இருக்கிறது. உப்புத் தூவானமும் காற்றும் அதைக் காய வைக்க முடியாது. மழைத்துளி விழுந்தால் முத்தாக உருண்டு ஓடும். குளிர்காலத்தில் மேலே ஒன்றும் இருக்காது. மார்ச் மாதம் கற்களை விலக்கிக்கொண்டு ஊதா நிறத்தில் சுருண்ட தளிர் வரும். மே, ஜூனில் வெள்ளைப் பூக்கள் குலை குலையாகப் பூத்துத் தேன் மணக்கும். பிறகு பட்டாணி அளவில் உருண்டைக் காய்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரே ஒரு விதை. காயின் ஓடு தக்கைபோல இலேசானது. கடலில் விழுந்தால் மிதந்து போய் வேறொரு கரையில் ஒதுங்கி முளைக்கும். உப்புத் தண்ணீரில் நாட்கணக்காகக் கிடந்தாலும் முளைக்கும் தன்மை கெடாது.

இப்படிப்பட்ட செடிக்கு நாம் பிடுங்கினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். செடி மட்டும் என்றால் நானும் இவ்வளவு நீட்டி எழுதியிருக்கமாட்டேன். அசையும் கற்களின் மேல் முதலில் வேரூன்றுவது இதுபோன்ற சில செடிகள்தான். அவற்றின் காய்ந்த இலைகள் கற்களுக்கிடையில் சிக்கி மக்கித்தான் அங்கே கொஞ்சமாவது மண் சேர்கிறது. அந்த மண்ணை நம்பி மற்றச் செடிகள் வருகின்றன. செடி படர்ந்த கூழாங்கல் கரை உலகத்திலேயே அரிதான நிலவகை. அதில் கணிசமான பங்கு இங்கிலாந்தின் தென்கிழக்கில் இருக்கிறது. கென்டின் டன்ஜனெஸ் ஐரோப்பாவின் மிகப் பெரிய கூழாங்கல் வெளிகளில் ஒன்று, அங்கே 600க்கு மேற்பட்ட தாவர வகைகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். ஒரு குடும்பம் பையோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தாலே பல ஆண்டுகளில் சேர்ந்த அந்த மக்கு கற்களுக்குக் கீழே இறங்கிவிடும்.

இன்னொன்று முட்டை. உப்புக்கொத்தியும் சிறு ஆலாவும் வசந்தத்தில் அதே கற்களின் மேல்தான் முட்டையிடும். கூடு என்று ஒன்றும் இராது, ஒரு சிறு குழி மட்டும். முட்டைகள் கல்லின் நிறத்தில், கல்லின் புள்ளிகளோடு கிடக்கும். நீங்கள் தளிர் தேடி நடக்கும் மாதமும் அவை அடைகாக்கும் மாதமும் ஒன்று. மிதித்த பிறகுதான் முட்டை என்று தெரியும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழுவில் ஒருவர் "காட்டுச் செடிக்கு யார் சொந்தக்காரன்?" என்று கேட்டிருந்தார். காணிக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். கரைக்கும் இருக்கிறார். 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி, சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது குற்றம். இலையோ பூவோ காயோ வீட்டுத் தேவைக்குக் கொஞ்சம் பறித்தால் 1968 திருட்டுச் சட்டம் அதைத் திருட்டாகக் கொள்ளாது. விற்பதற்குப் பறித்தால் திருட்டு. சீ கேல் வளரும் கரைகளில் பல விசேட பாதுகாப்புப் பெற்றவை. அங்கே நிலத்துக்குச் சேதம் விளைவித்தால் தனிக் குற்றம். ஆகவே, சமையலுக்கு நாலு இலை கிள்ளியவரையும் டிக்கி நிறைய வேரோடு ஏற்றியவரையும் சட்டம் ஒரே தராசில் வைப்பதில்லை. படத்தில் இருந்தவை இரண்டாவது வகை.

இதை நம்முடைய ஆட்கள் செய்த புதுக் குற்றமாக யாரும் நினைத்துக் கூச வேண்டியதில்லை. இந்த ஊர்க்காரர்களே ஒரு காலத்தில் இதைவிட மோசமாகச் செய்தார்கள். தென்கரைச் சனம் பரம்பரையாக வசந்தத்தில் சீ கேல் முளைக்கும் இடத்தைப் பார்த்து வைத்து, அதன் மேல் கற்களையும் மணலையும் குவித்துவிடும். வெளிச்சம் காணாமல் உள்ளே வெளுத்து நீளும் தண்டுகளை வெட்டிச் சந்தைக்குக் கொண்டுபோவார்கள். 1753இல் சிச்செஸ்டர் சந்தையில் கட்டுக்கட்டாக விற்றதைக் கண்டவர் ஒருவரின் சாட்சியம் இருக்கிறது. தாவரவியலாளர் வில்லியம் கர்ட்டிஸ் 1799இல் இதை எப்படி வளர்ப்பது என்று ஒரு சிறு நூலே வெளியிட்டார். அதன் பிறகு பணக்காரத் தோட்டங்களில் எல்லாம் இது ஏறிவிட்டது. அமெரிக்காவில் தோமஸ் ஜெஃபர்சன் மான்டிசெல்லோவில் தன் தோட்டத்தில் நட்டு, மூடிவைப்பதற்கென்று மண்பானைகள் வாங்கினார். 1861இல் வந்த மிஸிஸ் பீட்டனின் இல்லப் புத்தகத்தில் சீ கேல் அவிக்கும் முறை சாதாரண மரக்கறியோடு மரக்கறியாக இருக்கிறது. தோட்டத்துக்குச் செடி வேண்டுமென்று கரையிலிருந்து வேர்களைத் தோண்டியதும், தண்டுக்காக வெட்டித் தள்ளியதும் சேர்ந்துதான் பல கரைகளில் இது அருகிப்போனது.

பிறகு சந்தையிலிருந்தும் மறைந்தது. காரணம் ருசி அல்ல. வெட்டிய தண்டு விரைவில் வாடிவிடும், லொறியில் ஏற்றிக் கடைத்தட்டில் அடுக்கிவைக்கத் தாங்காது. ஒவ்வொரு செடியையும் தனித்தனியாக மூடித் திறக்கக் கை வேண்டும். பெரிய கடைகளுக்குக் கட்டுப்படியாகாது. அலொட்மென்ட்காரருக்கு இந்த இரண்டும் ஒரு பொருட்டே இல்லை.

இனி வளர்க்கும் விதம். இதைத்தான் ஆறுதலாக எழுத ஆசைப்பட்டேன்.

விதையில் தொடங்கலாம். விதைக் கம்பனிகள் சில விற்கின்றன. 'லில்லி வைட்' என்பது பழைய தோட்ட வகை, தண்டு நன்றாக வெளுக்கும். உருண்டைக் காயை அப்படியே புதைத்தால் மாதக்கணக்கில் உங்களைக் காக்க வைக்கும், சில வேளை முளைக்கவே முளைக்காது. தக்கை ஓட்டை நகவெட்டியால் மெல்ல நெரித்து எடுத்துவிடுங்கள். உள்ளே மிளகளவில் விதை இருக்கும், அதைக் காயப்படுத்தாமல். மார்ச்சில் சின்னச் சாடிகளில் ஒவ்வொன்றாகப் போட்டு, வெளியிலேயே, குளிரிலேயே வைத்திருங்கள். ஹீட்டிங் போட்ட அறை யன்னலோரம் வேண்டாம். கத்தரிக்குச் செய்கிற உபசாரத்தை இதற்குச் செய்தால் கெட்டுப்போகும். விதையிலிருந்து வந்த செடியைச் சாப்பாட்டுக்கு வெட்ட மூன்றாம் வருடம் வரை பொறுக்க வேண்டும்.

பொறுமை இல்லாதவர்களுக்கு வேர்த்துண்டு. நவம்பரில் இலை எல்லாம் மஞ்சளாகி விழுந்த பிறகு, வளர்ந்த செடியின் ஓரத்தைக் கிளறினால் பென்சில் தடிப்பில் பக்கவேர்கள் அகப்படும். அவற்றை 15 சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டுவார்கள். இதில் ஒரு பழைய தோட்டக்காரத் தந்திரம் இருக்கிறது. துண்டின் மேல்முனையை நேராகவும் கீழ்முனையைச் சாய்வாகவும் வெட்ட வேண்டும். கையில் எடுத்தவுடன் எது மேலே எது கீழே என்று தெரிந்துவிடும். தலைகீழாக நட்டால் செடிக்கும் சிரமம் உங்களுக்கும் சிரமம். துண்டுகளைக் கட்டி, ஈர மணலில் நிறுத்தி, கொட்டிலுக்குள் வைத்துவிடுங்கள். மார்ச்சில் மேல்முனையில் முகைகள் கட்டும். பலமான ஒன்றை விட்டு மற்றதையெல்லாம் விரலால் தேய்த்துவிட்டு, முனை மண்ணுக்குள் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் இறங்கும்படி நடுங்கள். செடிக்குச் செடி 45 சென்ரிமீற்றர் இடைவெளி. இடத்தை யோசித்துத் தெரிவு செய்யுங்கள். பல வருடம் அங்கேயே இருக்கப்போகிற செடி. பிறகு எடுக்க நினைத்தாலும் மண்ணில் ஒடிந்து கிடக்கும் வேர்த்துண்டெல்லாம் முளைத்து உங்களை மறக்க விடாது.

மண் இளக்கமாக, தண்ணீர் தேங்காததாக இருக்க வேண்டும். லண்டன் களிமண்காரர்கள் உயர்பாத்தி கட்டி, மணலும் சின்னச் சரளையும் கலந்துகொள்ளுங்கள். கரையில் வறுமையில் வாழ்ந்தாலும் தோட்டத்தில் நல்ல சாப்பாடு கொடுத்தால் தடித்த தண்டாகத் தரும். கூட்டெரு நல்லது, கடற்பாசி எரு அதைவிட நல்லது. புளித்த மண் என்றால் சுண்ணாம்பு போடுங்கள். கோவாக் குடும்பத்துக்கு வரும் நோயெல்லாம் இதற்கும் வரும். முக்கியமாக, வேர் வீங்கி அழுகும் கிளப்ரூட். உங்கள் பாத்தியில் கோவாவுக்கு அது வந்திருந்தால் அந்தப் பாத்தியில் இதை வைக்காதீர்கள். வெள்ளைப் பட்டாம்பூச்சியின் புழுக்கள் கோடையில் இலையை அரிக்கும், கையால் பொறுக்கினால் போதும். ஸ்லக்குகளுக்கு இளந்தளிர் என்றால் உயிர். முதல் வருடம் பூந்தண்டு வந்தால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிடுங்கள், வேர் பருக்கட்டும்.

வேர்த்துண்டில் வந்த செடிக்கு இரண்டாம் குளிர்காலம் வந்ததும் மூடலாம். யாழ்ப்பாணத்தில் பனம் பாத்தி போட்டு வளர்ந்த உங்களுக்கு இந்த வேலையின் சூட்சுமத்தை நான் விளக்கத் தேவையில்லை. மண்மேட்டுக்குள் வெளிச்சம் காணாமல் விளைவதைத் தோண்டித் தின்று பழகிய கை நமக்கு. வித்தியாசம் ஒன்று: பனம் பாத்தியைக் கிண்டினால் அத்தோடு சரி, இங்கே வேர் இடத்திலேயே இருந்து அடுத்த வருடமும் தரும்.

ஜனவரிக் கடைசியில், பழைய இலைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டுச் செடியின் மேல் ஒரு பாத்திரத்தைக் கவிழ்க்க வேண்டும். இதற்கென்றே மூடி வைத்த மண்பானைகள் ஒரு காலத்தில் செய்தார்கள். இப்போது அவை பழம்பொருள் கடைகளில் ஆனைவிலை. ஓட்டையில்லாத கறுப்புப் பிளாஸ்டிக் வாளி போதும், காற்று தூக்காமல் மேலே ஒரு செங்கல். வெளிச்சம் ஒரு கீற்றுக்கூட உள்ளே போகக்கூடாது. போனால் தண்டு பச்சையாகிக் கசக்கும். வாளியின் விளிம்பைச் சுற்றி மண் அணைத்துவிடுங்கள். மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வாளியைத் தூக்கிப் பார்த்தால், யானைத்தந்த நிறத்தில் ஒரு சாண் தண்டுகள் நெருக்கமாக நிற்கும். நுனியில் மட்டும், விரியாத இலையின் சுருக்கங்களில், கொஞ்சம் ஊதா. தொட்டால் குளிர்ந்து மொறுமொறுவென்றிருக்கும். அடியில் கிழங்கின் சின்னச் சீவலோடு சேர்த்துக் கூரான கத்தியால் வெட்டுங்கள். அப்போதுதான் தண்டுகள் பிரிந்து உதிராது. மே தொடக்கத்தில் நிறுத்திவிட வேண்டும். வாளியை எடுத்து வைத்து, எரு போட்டு, வெயிலைக் குடிக்க விடுங்கள். கோடை முழுக்க இலை விரித்தால்தான் வேரில் அடுத்த வருடத்துச் சாப்பாடு சேரும்.

மார்ச், ஏப்ரல் என்று சொன்னேன் அல்லவா, அதைக் கவனியுங்கள். நம் தோட்டங்கள் வெறிச்சோடிக் கிடக்கும் மாதங்கள் அவை. கத்தரியும் மிளகாயும் யன்னலோரம் இரண்டிலையோடு நிற்கும். லீக்ஸ் முடிந்திருக்கும். பசளி, பொன்னாங்காணி எல்லாம் ஜூன் வரை கனவு. அந்த இடைவெளியில் ஹீட்டர் இல்லாமல், கண்ணாடிக்கூடு இல்லாமல், வேலையே இல்லாமல் ஒரு செடி சாப்பாடு தருகிறது. ஊரின் காய்கறியை இங்கே கொண்டுவர நாம் படும் பாட்டை நான் பழிக்கவில்லை, நானும் புடலைக்குக் கல் கட்டுகிறவன்தான். ஆனால் பத்துப் பாத்தியில் ஒன்றையாவது இந்தக் குளிரையும் காற்றையும் விரும்பி வாழ்கிற ஒன்றுக்குக் கொடுத்தால் என்ன?

சமையலுக்கு வருவோம். இங்குள்ளவர்கள் தண்டை நீராவியில் சில நிமிடம் அவித்து, உருக்கிய வெண்ணெயோடு அஸ்பரகஸ் பரிமாறும் முறையில் தின்பார்கள். முதல் தடவை நீங்களும் அப்படியே செய்து பாருங்கள். இலேசான கொட்டைச் சுவை, அதன் பின்னால் ஒரு மெல்லிய கசப்பு. அதைத் தெரிந்துகொண்ட பிறகு நம்முடைய பாணிக்குக் கொண்டுவரலாம். எங்கள் வீட்டில் வெள்ளைப் பால்கறி: பச்சை மிளகாய் கீறியது, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், இரண்டாம் பாலில் ஒரு கொதி, முதற்பால் விட்டு இறக்கித் தேசிக்காய். தண்டைக் கடைசியில் போட வேண்டும், குழையக் கூடாது. யாழ்ப்பாணத்துக் கறித்தூள் மட்டும் போட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று மாதம் இருட்டில் வைத்து வளர்த்த ருசி முழுக்க அதில் மூழ்கிவிடும். அதற்குக் கோவாவே போதும். பூவாகும் முன் மொட்டுக் குலையை முட்டையோடு வறுக்கலாம். மூடாமல் விட்ட செடியின் இளம் இலையை ஒரு கொதி அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு, செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டு வறை செய்யலாம். முற்றிய இலை தோல்தான். அதை என்ன செய்தாலும் தோல்தான்.

கடலோரத்தில் வேறென்ன உண்டு என்று கேட்பீர்கள், தெரியும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

கீரைக்காரர்களுக்கு என் முதல் சிபாரிசு சீ பீட். பீட்ரூட்டுக்கும் சாட் கீரைக்கும், ஐரோப்பா சீனி எடுக்கிற பீட் கிழங்குக்கும் இந்தக் கடற்கரைச் செடிதான் மூதாதை. இலை தடிப்பாக, பளபளப்பாக இருக்கும். விதை வாங்கிப் போட்டால் பல வருடம் நின்று குளிர்காலத்திலும் கிள்ளத் தரும். பருப்போடு கடைந்தால் பசளியைத் தேடமாட்டீர்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மட்டும் அளவோடு. கீரை வகைகள் பலவற்றில் உள்ள ஒக்சலேட் இதிலும் உண்டு. பீட்ரூட் விதை எடுக்கிறவர்கள் பக்கத்தில் இதைப் பூக்க விடக்கூடாது, இரண்டும் கலந்துவிடும்.

மார்ஷ் சம்ஃபயர் மீன்கடையில் கண்டிருப்பீர்கள், நோர்ஃபொக் சதுப்பு நிலங்களில் கோடையில் எடுப்பது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் கடனீரேரி உப்புத் தரவைகளிலும் நிற்கும் உமரிக்கு நெருங்கிய உறவு. கணு கணுவாக அதே தோற்றம். சாடியில் மணல் நிரப்பி, உப்புக் கலந்த தண்ணீர் விட்டு வளர்க்கலாம். சமைக்கும்போது உப்புப் போடவே வேண்டாம், பிரஷர்காரர்கள் கிட்டப்போகவும் வேண்டாம்.

ரொக் சம்ஃபயர் வேறு குடும்பம், பாறை வெடிப்பில் வளர்வது. டோவர் மலைமுகட்டில் தொங்கிக்கொண்டு இதைப் பறிப்பவர்களை ஷேக்ஸ்பியர் லியர் அரசன் நாடகத்தில் குறிப்பிடுகிறார், ஆபத்தான தொழில் என்று. அதே டோவரில், கால்வாய்ச் சுரங்கம் தோண்டிய சுண்ணக்கல் மண்ணைக் கொட்டி உருவாக்கிய புது நிலத்துக்கு இந்தச் செடியின் பெயரை வைத்து சம்ஃபயர் ஹோ என்கிறார்கள். சாடியில் சரளை மண்ணில் நன்றாக வரும். வாசம் கடுமையானது, கரட் இலையும் மண்ணெண்ணெயும் கலந்ததுபோல என்று என் மனைவி சொல்கிறாள். ஊறுகாய்க்கு அந்த வாசம்தான் மூலதனம். இங்கே முற்காலத்தில் பீப்பாயில் ஊறவைத்து விற்றார்கள். நம் வீடுகளில் ஊறுகாய் போடத் தெரிந்த அம்மாமார் இருக்கும்போது இது அவர்கள் கைக்குப் போகாமல் இருப்பது எனக்கு ஆதங்கம்.

கரையில் பறிக்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். சீ கேல் நிற்கும் அதே கற்களில் மஞ்சள் கொம்புப் பொப்பி என்ற செடியும் நிற்கும். இலை அதே நீலச்சாம்பல் நிறம். ஓரம் இன்னும் ஆழமாக வெட்டுப்பட்டு, மயிர் படர்ந்து சொரசொரப்பாக இருக்கும். ஒடித்தால் மஞ்சள் பால் வரும். பூக்காத மாதத்தில், அவசரத்தில், பைக்குள் இரண்டும் ஒன்றாகப் போகக் கூடியவை. அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. 1698இல் லண்டன் ரோயல் சொசைட்டியின் இதழில் ஒரு சம்பவம் வந்திருக்கிறது. கோர்ன்வாலில் ஒருவர், சீ ஹோலி என்ற தின்னத் தக்க கடற்கரைச் செடியின் வேர் என்று நம்பி, இந்தப் பொப்பியின் வேரை மாவுக்குள் வைத்துச் சுட்டுச் சாப்பிட்டார். புத்தி பேதலித்து, வெள்ளை மண்ணால் செய்த மூத்திரச் சட்டியை உடைத்து, துண்டுகளெல்லாம் பொன் என்று சொல்லிப் பத்திரப்படுத்தச் சொன்னாராம். கதையாகக் கேட்கச் சிரிப்பு வரும். கடலோர நீரோடைகளில் வளரும் ஹெம்லொக் வோட்டர் ட்ரொப்வோர்ட்டை செலரி என்று நினைத்துத் தின்றால் சிரிக்க ஆள் இருக்காது. இந்த நாட்டின் மிகக் கொடிய நஞ்சுச் செடிகளில் ஒன்று அது. பாத்தியில் நீங்களே பெயர் எழுதி நட்ட செடிக்கு இந்தப் பயம் இல்லை.

கரைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஜூன் மாதம் போங்கள், சீ கேல் பூத்து நிற்கும்போது. மரப்பலகைப் பாதை போட்டிருந்தால் அதில் நடங்கள். டன்ஜனெஸ் போனால் திரைப்பட இயக்குநர் டெரெக் ஜார்மனின் வீட்டையும் வெளியிலிருந்து பார்க்கலாம். வேலியே இல்லாமல், கரையில் ஒதுங்கிய மரக்கட்டைகளுக்கும் துருப்பிடித்த இரும்புக்கும் நடுவே அவர் வைத்த தோட்டம் அது. அவர் இறந்தது 1994இல். வீட்டைக் காப்பாற்ற 2020இல் நடந்த நிதிசேகரிப்பில் சேர்ந்தது 35 இலட்சம் பவுணுக்கு மேல்.

குழுக்களில் விதை பரிமாறும் அக்காமாருக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வருடாந்தப் பட்டியலில், வல்லாரைக்கும் முருங்கைக்கும் கீழே, சீ கேல் வேர்த்துண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பெயர் இருந்தால் யாரும் கரைக்குப் பையோடு போக வேண்டியிராது. என் செடிகள் பருத்துவிட்டன. நவம்பரில் கிளறும்போது எனக்குத் தேவைக்கு மேல் துண்டுகள் வரும், பணம் வேண்டாம். கேட்பவர்கள் தங்கள் பாத்தியில் கிளப்ரூட் வந்ததா என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வந்திருந்தால் சாடியில் வளர்ப்பதற்கு மட்டும் தருவேன். நேரில் வந்து எடுப்பவர்கள் ஈரப் பத்திரிகைத்தாளும் ஒரு பிளாஸ்டிக் பையும் கொண்டுவாருங்கள். வீட்டுக்குப் போனதும் அன்றே மணலுக்குள் நிறுத்திவிட வேண்டும், நேர்வெட்டு மேலே, சாய்வெட்டு கீழே.

அன்புடன்,
தென்கரை ஊரொன்றின் அலொட்மென்ட்காரன்